ஹாம்லெட்டின் ஒரு சொல்லைப் பதிப்பிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஷேக்ஸ்பியர் தன் கையால் எழுதிய ஹாம்லெட் பிரதியில் ஒரு தாள்கூட இன்று இல்லை. மிஞ்சியிருப்பவை அச்சுப் பிரதிகள்தான். அவையும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. நாம் கடையில் வாங்கும் ஹாம்லெட், பதிப்பாசிரியர்கள் சொல் சொல்லாக எடைபோட்டு, இது நிற்கட்டும், இது போகட்டும் என்று முடிவு செய்து உருவாக்கியது. அந்த முடிவுகளை எப்படி எடுக்கிறார்கள் என்பதை நீங்களே செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

நாடகம் முழுவதையும் கையில் எடுக்க வேண்டாம். பத்து வரி போதும். முதல் அங்கம் இரண்டாம் காட்சியில், எல்லோரும் போனபின் ஹாம்லெட் தனியே நின்று பேசும் முதல் தனிமொழியை எடுத்துக்கொள்ளுங்கள். தன் உடல் உருகி, கரைந்து, பனித்துளியாகிப் போய்விடக் கூடாதா என்று அவன் ஏங்கும் இடம். வேலை முழுக்க ஒரே கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்: ஒரே இடத்துக்கு இரண்டு பாடங்கள், அதாவது பிரதிக்குப் பிரதி மாறும் சொல் வடிவங்கள் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றது எப்படிப் பிறந்தது? எந்தச் சொல் அழகு என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான்.

முதலில் பிரதிகளை அறிந்துகொள்ளுங்கள்

ஹாம்லெட்டுக்கு மூன்று பழைய பிரதிகள் முக்கியம். 1603இல் வந்த முதல் குவார்ட்டோ, 1604-05இல் வந்த இரண்டாம் குவார்ட்டோ, 1623இல் வந்த முதல் ஃபோலியோ. தாளை இரண்டு முறை மடித்தால் குவார்ட்டோ, ஒரு முறை மடித்தால் ஃபோலியோ. முன்னது கைக்கடக்கமான நூல், பின்னது பெரிய தொகுப்பு.

முதல் குவார்ட்டோ மிகச் சிறியது. சுமார் 2,200 வரிகள். அரசனின் ஆலோசகர் பொலோனியஸ் இதில் கோரம்பிஸ் என்ற பெயரில் வருகிறார். உலகமே அறிந்த அந்த வரி இதில் 'டு பி ஆர் நாட் டு பி, ஐ, தேர்ஸ் த பாயின்ட்' என்றிருக்கிறது. இப்படியொரு பிரதி இருப்பதே 1823இல் சர் ஹென்றி பன்பரி கண்டெடுக்கும்வரை ஆய்வுலகத்துக்குத் தெரியாது. அந்தப் பிரதியில் கடைசித் தாள் இல்லை. 1856இல் கிடைத்த இன்னொன்றில் முகப்புத் தாள் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் முழு நூலும் நமக்குக் கிடைத்தது. ஒன்று அமெரிக்காவில் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது, மற்றது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில்.

இரண்டாம் குவார்ட்டோவில் சுமார் 3,800 வரிகள். முன்பு வந்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்காகப் பெருக்கி, உண்மையான, முழுமையான மூலப்படி அச்சிட்டது என்று அதன் முகப்பே சொல்கிறது. ஷேக்ஸ்பியரின் கையெழுத்துக்கு மிக நெருக்கமானது இதுதான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். ஃபோலியோ அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, அவருடன் நடித்த ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி காண்டெல் இருவரும் வெளியிட்ட 36 நாடகத் தொகுப்பு. இரண்டாம் குவார்ட்டோவில் உள்ள 200க்கும் மேற்பட்ட வரிகள் ஃபோலியோவில் இல்லை. அதற்கு மாறாக, குவார்ட்டோவில் இல்லாத 70க்கும் மேற்பட்ட வரிகள் ஃபோலியோவில் உண்டு. டென்மார்க்கே ஒரு சிறை என்று ஹாம்லெட் சொல்லும் உரையாடல் அப்படி ஃபோலியோவில் மட்டும் கிடைப்பது.

நிழற்படங்களைத் திறங்கள்

நவீனப் பதிப்பை மூடி வையுங்கள். பழைய பக்கத்தின் நிழற்படம்தான் வேண்டும். பிரிட்டிஷ் நூலகம், ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன், வாஷிங்டனின் ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகம் போன்றவை இப்பிரதிகளின் படங்களை எடுத்து இணையத்தில் இலவசமாகவே தந்திருக்கின்றன.

எழுத்துகள் முதலில் மிரட்டும். அரை மணி நேரத்தில் பழகிவிடும். அக்கால 'எஸ்' நீண்டு, 'எஃப்' போலவே தெரியும். குறுக்குக் கோடு முழுதாக இருந்தால் எஃப், இல்லையென்றால் எஸ். 'யூ'வும் 'வி'யும் இடம் மாறி வரும். 'ஜே' வரவேண்டிய இடத்தில் 'ஐ' நிற்கும். ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக அச்சிட்டிருப்பார்கள். அது பிழையல்ல, எழுத்துக்கூட்டு இன்னும் நிலைப்படாத காலம் அது.

ஒரு எச்சரிக்கை. அச்சகத்தில் தாள்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெய்ப்புப் பார்த்து நிறுத்தித் திருத்துவார்கள். திருத்தத்துக்கு முன் அடித்த தாளையும் வீணாக்காமல் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அதனால் ஒரே பதிப்பின் இரு படிகள்கூட அச்சு அசலாக ஒன்றல்ல. ஃபோல்ஜர் நூலகத்தில் மட்டும் முதல் ஃபோலியோ 82 படிகள் இருக்கின்றன. சார்ல்டன் ஹின்மன் என்ற அறிஞர் இரண்டு படிகளின் ஒரே பக்கத்தை மாறி மாறிக் கண்ணில் காட்டும் கருவி ஒன்றை உருவாக்கி, அங்கிருந்த 50க்கும் மேற்பட்ட படிகளை ஒப்பிட்டார். வேறுபாடு உள்ள இடம் மட்டும் துடித்துக் காட்டிக்கொடுக்கும். 1963இல் அவர் வெளியிட்ட நூல், எந்தப் பக்கத்தை எந்த அச்சுக்கோப்பவர் கோத்தார் என்பதுவரை போனது. இத்தனை பொறுமையின் மேல்தான் இந்தத் துறை நிற்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

வரிக்கு வரி ஒப்பிடுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு, பத்து வரிகளையும் மூன்று பிரதிகளிலிருந்து எழுத்து மாறாமல் படி எடுங்கள். கையால் எழுதுவது நல்லது. தட்டச்சு செய்தால் விரல் தானாகவே இன்றைய எழுத்துக்கூட்டுக்குப் போய்விடும். காற்புள்ளியையும் பெரிய எழுத்தையும் விடாதீர்கள். எழுதி முடித்ததும் வேறுபாடுகளை வட்டமிடுங்கள்.

முதல் வரியிலேயே நின்றுவிடுவீர்கள். ஹாம்லெட் தன் உடலை என்னவென்று சொல்கிறான்? ஃபோலியோவில் 'சாலிட்', அதாவது திடமான, கெட்டியான உடல். இரண்டு குவார்ட்டோக்களிலும் 'சேலீட்'. அது தாக்குண்ட, முற்றுகைக்குள்ளான என்று பொருள்படலாம். ஆனால் பல நவீனப் பதிப்புகளில் நீங்கள் பார்ப்பது 'சல்லீட்', அதாவது மாசுபட்ட, களங்கப்பட்ட உடல். கவனியுங்கள்: இந்தக் கடைசிச் சொல் மூன்று பழைய பிரதிகளில் எதிலுமே இந்த இடத்தில் இல்லை! அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

பிழை பிறந்த வழியைத் தேடுங்கள்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். ஒரு சொல் ஆசிரியரின் மனத்திலிருந்து அச்சுக்கு வரும் வழியில் பல கைகள் இருக்கின்றன. அக்காலத்துக் கூட்டெழுத்தில், மேல்பக்கம் மூடாத 'ஏ' பார்வைக்கு 'யூ' போல இருக்கும். 'எம்', 'என்', 'யூ', 'ஐ' எல்லாம் வரிசையாகக் கீறிய கோடுகளாகவே தெரியும். 'ஈ'யும் 'டி'யும் குழம்பும். சர் தாமஸ் மோர் என்ற நாடகத்தின் கையெழுத்துப் படியில் மூன்று பக்கங்கள் ஷேக்ஸ்பியரின் கையெழுத்து என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அந்தப் பக்கங்களின் படத்தைப் பார்த்தால் அச்சுக்கோப்பவர் பட்ட பாடு உங்களுக்கே புரியும். கையெழுத்துச் சரியாக இருந்தாலும், எழுத்துப் பெட்டியில் தவறான அறைக்குள் விழுந்த ஓர் அச்செழுத்து போதும். கண் ஒரு வரியிலிருந்து, அதே சொல் உள்ள அடுத்த வரிக்குத் தாவிவிடலாம். ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டு கோக்கும்போது ஒரு சொல் மாறிவிடலாம்.

இப்போது 'சேலீட்' என்பதைப் பாருங்கள். அதற்கும் 'சல்லீட்' என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துதான் வித்தியாசம்: 'யூ' இருக்கவேண்டிய இடத்தில் 'ஏ'. மேலே சொன்ன அதே குழப்பம். 20ஆம் நூற்றாண்டில் ஜான் டோவர் வில்சன் என்ற பதிப்பாசிரியர் இந்த வாதத்தை வலுவாக முன்வைத்தார். நாடகத்துக்குள்ளேயே ஒரு சான்றும் கிடைக்கிறது. இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில், தன் மகனின் பெயருக்குச் சின்னச் சின்ன மாசுகளைக் கற்பிக்கச் சொல்லிப் பொலோனியஸ் ஓர் ஆளை அனுப்புகிறார். அங்கே ஃபோலியோவில் மாசு என்ற பொருளுள்ள 'சல்லீஸ்' இருக்கிறது. அதே இடத்தில் இரண்டாம் குவார்ட்டோவில் 'சேலீஸ்'! அங்கே மாசு என்பதைத் தவிர வேறு பொருள் வரவே வழியில்லை. ஆக, அந்தக் குவார்ட்டோவில் 'சேலீட்' என்று வந்தால் அது 'சல்லீட்' என்பதன் திரிபாகவோ அக்கால எழுத்துக்கூட்டாகவோ இருக்கலாம் என்பது வெறும் ஊகமல்ல.

சரி, இரண்டு குவார்ட்டோக்கள் ஒரு பக்கம், ஃபோலியோ ஒரு பக்கம், இரண்டுக்கு ஒன்று என்று முடித்துவிடலாமா? கூடாது. புதியவர்கள் அதிகமாக வழுக்கும் இடம் இது. இரண்டாம் குவார்ட்டோவின் முதல் அங்கத்தைக் கோத்தவர்கள், கையெழுத்துப் புரியாத இடங்களில் ஏற்கெனவே அச்சில் இருந்த முதல் குவார்ட்டோவைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்குத் தடயங்கள் உண்டு. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தால் அது இரண்டு சாட்சியாகாது, ஒரே சாட்சிதான். பிரதிகளை எண்ணாதீர்கள், எடை போடுங்கள்.

ஃபோலியோவின் பக்கமும் வலு இருக்கிறது. உருக, கரைய, பனித்துளியாக என்று அடுத்து வரும் மூன்று வினைகளும் திடப்பொருளுக்குத்தான் இயல்பாகப் பொருந்துகின்றன. ஆனால் அதையே திருப்பியும் கேட்கலாம்: அடுத்து வரும் சொற்களைப் பார்த்து, புரியாத ஒரு சொல்லை யாரோ எளிதாக்கிவிட்டார்களா? கடினமான பாடம் எளிதாக மாறுவது இயல்பு, எளிதானது கடினமாக மாறுவது அரிது என்பது பழம்பெரும் விதி. இங்கே விதி ஒரு சாய்வைத் தருகிறது, தீர்ப்பைத் தரவில்லை.

தேர்ந்த பதிப்பாசிரியர்களே இதில் பிரிந்து நிற்கிறார்கள். ஹாரல்ட் ஜென்கின்ஸ் 1982இல் 'சல்லீட்' என்று அச்சிட்டார். ஹிபர்ட் 1987இல் 'சாலிட்' என்றார். ஆன் தாம்சனும் நீல் டெய்லரும் 2006இல் இரண்டாம் குவார்ட்டோவைத் தனியாகப் பதிப்பித்தபோது, அதில் உள்ளபடி 'சேலீட்' என்றே விட்டார்கள். நானாக இருந்தால் 'சல்லீட்' பக்கம் போவேன். அந்தத் தனிமொழி முழுக்க அவன் மனத்தில் அரிப்பது தாயின் அவசர மறுமணம்; தன் உடலும் அந்தக் கறையில் பங்குகொண்டது என்ற அருவருப்பு அங்கே இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், இந்தப் பொருள் விளக்கத்தை நான் கடைசியில்தான் கொண்டுவந்தேன். அதை முதலில் வைத்திருந்தால், எனக்குப் பிடித்த ஹாம்லெட்டை நானே எழுதிக்கொண்டிருப்பேன்.

திருத்துவதற்கு முன் பொருளைச் சோதியுங்கள்

புரியவில்லை என்பதற்காக ஒரு சொல்லைப் பிழை என்று சொல்லிவிடாதீர்கள். முதல் காட்சியில் காவலன் பெர்னார்டோ, தன்னுடன் காவல் காக்க வருகிறவர்களை 'ரைவல்ஸ்' என்கிறான். இன்றைய ஆங்கிலத்தில் அது போட்டியாளர்கள். அக்காலத்தில் கூட்டாளிகள் என்ற பொருளும் இருந்தது. அதே இடத்தில் முதல் குவார்ட்டோ 'பார்ட்னர்ஸ்' என்கிறது. மட்டமானது என்று பலர் ஒதுக்கும் அந்தப் பிரதி இங்கே உரையாசிரியர் வேலையைச் செய்துவிடுகிறது. தந்தையின் ஆவியைப் பின்தொடரும்போது, தன்னை 'லெட்' செய்கிறவனைக் கொன்று ஆவியாக்கிவிடுவேன் என்று ஹாம்லெட் மிரட்டுகிறான். விடுகிறவனை ஏன் கொல்ல வேண்டும் என்று குழம்ப வேண்டாம். அங்கே அதற்குத் தடுப்பது என்று பொருள். ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு வாரியாக மேற்கோள் இருக்கிறது. 1600ஐ ஒட்டிய மேற்கோளைத் தேடுங்கள்.

சில இடங்களில் அகராதியும் கைவிடும். முதல் அங்கம் நான்காம் காட்சியில், நல்ல பொருள் முழுவதையும் ஒரு சிறு துளி கெடுத்துவிடும் என்று ஹாம்லெட் சொல்கிறான். எதன் துளி? இரண்டாம் குவார்ட்டோவில் 'ஈல்' என்று இருக்கிறது. இங்கே பொருந்தும்படி அப்படியொரு சொல் இல்லை. ஃபோலியோவில் அந்தப் பகுதியே கிடையாது, ஒப்பிட ஆளில்லை. எப்படித் தீர்ப்பது? அதே குவார்ட்டோவில் இரண்டாம் அங்கத்தின் முடிவுக்குப் போங்கள். தான் கண்ட ஆவி சாத்தானாக இருக்கலாம் என்று ஹாம்லெட் சந்தேகிக்கும் இடம். 'டெவில்' வரவேண்டிய இடத்தில் 'டீல்' என்று அச்சாகியிருக்கிறது, ஒரே வரியில் இரண்டு முறை. டெவில் டீலாகும் என்றால் ஈவில் ஈலாகும். தீமையின் துளி! ஒரு பிரதியின் பழக்கத்தை வைத்தே அந்தப் பிரதியின் புதிரை அவிழ்க்கும் இந்த முறை இத்துறையின் மிக அழகான வேலைகளில் ஒன்று. ஆனால் அடுத்த வரியின் வினைச்சொல் இன்றுவரை பிடிகொடுக்கவில்லை; அதற்குப் பதிப்பாசிரியர்கள் வைத்த திருத்தங்களுக்குக் கணக்கில்லை.

புள்ளிகளையும் படியுங்கள்

மனிதன் எப்பேர்ப்பட்ட படைப்பு என்று ஹாம்லெட் வியக்கும் உரைநடைப் பகுதியை இரு பிரதிகளிலும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சொற்கள் ஏறக்குறைய ஒன்றுதான், நிறுத்தங்கள் வேறு. ஃபோலியோவின்படி, மனிதன் செயலில் தேவதூதனைப் போன்றவன், அறிவில் கடவுளைப் போன்றவன். இரண்டாம் குவார்ட்டோவின் காற்புள்ளிகளைப் பின்பற்றினால், செயலில் வியக்கத்தக்கவன், அறிவில் தேவதூதனைப் போன்றவன், அப்புறம் மொத்தமாகவே கடவுளைப் போன்றவன். தேவதூதர்களின் சிறப்பு செயலா அறிவா என்ற சமயக் கேள்வியே ஒரு காற்புள்ளியில் தொங்குகிறது. நிறுத்தக் குறிகளைப் பெரும்பாலும் இட்டவர்கள் அச்சுக்கோப்பவர்கள் என்பதால், அவற்றை மாற்றப் பதிப்பாசிரியருக்குச் சொற்களில் இருப்பதைவிட அதிக உரிமை உண்டு. டபிள்யூ. டபிள்யூ. கிரெக் என்ற பதிப்பியல் அறிஞர் 1950களின் தொடக்கத்தில் இந்தப் பிரிவினையைத் தெளிவாக வகுத்தார். ஆனால் பொருளை மாற்றும் காற்புள்ளியைச் சொல்லாகவே நடத்துங்கள்.

அடிப்படைப் பிரதியைத் தேர்ந்தெடுங்கள்

இத்தனை பார்த்தபின் உங்கள் பத்து வரிக்கு ஒரு பிரதியை அடிப்படையாக வையுங்கள். அது சரியாக இருக்கும் இடத்தில் அதையே பின்பற்றி, தெளிவாகத் தவறும் இடத்தில் மட்டும் மற்றதிலிருந்து எடுக்க வேண்டும். வரிக்கு ஒரு பிரதி என்று பிடித்ததைப் பொறுக்கினால், எந்தக் காலத்திலும் யாரும் எழுதாத, யாரும் நடிக்காத ஒரு நாடகம் உருவாகும்.

பெரிய அளவில் இது பெரிய சண்டை. நான்காம் அங்கத்தில் நார்வே இளவரசன் ஃபார்டின்பிராஸின் படையைப் பார்த்தபின் ஹாம்லெட் பேசும் நீண்ட தனிமொழி இரண்டாம் குவார்ட்டோவில் மட்டுமே உண்டு. இரண்டு பிரதிகளையும் கலந்து எதையும் விடாமல் அச்சிடுவது நெடுங்கால வழக்கம். 1986இல் ஸ்டான்லி வெல்ஸ், கேரி டெய்லர் தலைமையில் வந்த ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பு, ஃபோலியோவை அடிப்படையாக வைத்து அந்தத் தனிமொழியைப் பின்னிணைப்புக்கு அனுப்பியது. லியர் அரசனின் கதையை அது 1608 குவார்ட்டோ, 1623 ஃபோலியோ என்று இரண்டு தனி நாடகங்களாகவே அச்சிட்டது. அந்த நாடகத்தின் கடைசி உரையைக் குவார்ட்டோ ஆல்பனிக்குக் கொடுக்கிறது, ஃபோலியோ எட்கருக்குக் கொடுக்கிறது. அடுத்து ஆளப்போவது யார் என்பதே மாறும்போது இரண்டையும் எப்படிக் கலப்பது?

இடைச்செருகல் என்று சந்தேகப்படும் இடத்தில் நிதானம் வேண்டும். ஹாம்லெட்டின் இறுதிச் சொல் மௌனம் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ஃபோலியோவில் அதற்குப் பின் 'ஓ, ஓ, ஓ, ஓ' என்று நான்கு முறை இருக்கிறது. நடிகர் சேர்த்த முனகல் என்று பலர் தூக்கி எறிந்தார்கள். லியரின் குவார்ட்டோவிலும் அவர் சாகும் இடத்தில் இதே 'ஓ'க்கள் வருகின்றன. இது உயிர் பிரியும் ஓசையை அச்சில் காட்டும் அக்கால வழக்கம் என்று பார்த்தால், அது மேடையில் என்ன நடந்தது என்பதற்கான அரிய சாட்சியாகிவிடுகிறது. நீக்குவதாக இருந்தாலும் சொல்லிவிட்டு நீக்குங்கள்.

குறிப்பை எழுதுங்கள்

சொல்லாமல் செய்த திருத்தம் திருத்தமே அல்ல. பாடபேதக் குறிப்பின் வடிவம் சுருக்கமானது. நீங்கள் ஏற்ற சொல், அதன்பின் ஒரு மூடும் சதுர அடைப்பு, அது எங்கிருந்து வந்தது, பிறகு விலக்கிய பாடங்கள். முதல் குவார்ட்டோவைக் கு1 என்றும், இரண்டாவதைக் கு2 என்றும், ஃபோலியோவை ஃபோ என்றும் வைத்தால் இப்படி வரும்:

சல்லீட் ] பதிப்பாசிரியர் திருத்தம், சேலீட் கு1, கு2, சாலிட் ஃபோ

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, உங்கள் முடிவை ஏற்காத வாசகர் தன் முடிவைத் தானே எடுக்கலாம். அதற்குக் கீழே நான்கைந்து வாக்கியங்களில் விளக்கம் எழுதுங்கள்: விலக்கிய பாடம் எப்படிப் பிறந்திருக்கும், ஏற்ற பாடத்துக்கு நாடகத்துக்குள் என்ன ஆதாரம், மறுதரப்பின் மிக வலுவான வாதம் எது. மறுதரப்பை எழுதவே முடியவில்லை என்றால் ஒப்புநோக்கும் தாளுக்குத் திரும்பிப் போங்கள். எதையோ பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

பத்து வரியும் முடிந்ததும், அடுத்த பயிற்சிக்கு ஒத்தெல்லோவின் கடைசி உரையை எடுங்கள். இனத்தின் செல்வத்தையெல்லாம் மிஞ்சிய ஒரு முத்தை வீசி எறிந்தவன் என்று அவன் தன்னைச் சொல்லிக்கொள்கிறான். எறிந்தவன் யார்? 1622 குவார்ட்டோவில் இந்தியன், ஃபோலியோவில் யூதேயன். அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டில் இரண்டும் 'ஐ' என்ற ஒரே எழுத்தில்தான் தொடங்கும். இரண்டாம் எழுத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்.